மிஸிர்லூவை மெதுவாகப் பாடினால்

மிஸிர்லூ என்றதும் பலருக்கு அமெரிக்கக் கிதார் கலைஞர் டிக் டேலின் கிதார்தான் காதில் அறையும். 1962-இல் அவர் வாசித்த அந்தப் பேய்வேகத்தில், இது ஒரு காதல் பாட்டு என்பதே மறந்துபோயிற்று. எகிப்தியப் பெண்ணொருத்தியைப் பார்த்து உருகும் கிரேக்கப் பாடல் இது. "உன் வாயிலிருந்து தேன் சொட்டுகிறது, உன்னை அரபு நாட்டிலிருந்தே திருடிக்கொண்டு போய்விடுவேன்" என்று புலம்புகிறான் காதலன். கொஞ்சம் அதிகம்தான், காதலன் வேறெப்படிப் பேசுவான்?

நேற்று ஒரு நாட்டார் இசைக்குழு இதை வயலின், கிளாரினெட், ஊத் என்னும் அரபு நரம்புவாத்தியம், கைமுரசு மட்டும் வைத்து நிதானமாக வாசிக்கக் கேட்டேன். 1927-இல் கிரேக்கப் பாடகர் டெமெட்ரியாடிஸ் நியூயார்க்கில் பதிவு செய்ததுதான் இந்தப் பாட்டின் நமக்குத் தெரிந்த முதல் இசைத்தட்டு. 1941-இல் நிக் ரூபானிஸ் என்ற இசைக்கலைஞர் அதை ஜாஸ் ஆக்கி, இயற்றியவர் என்று தன் பெயரையும் போட்டுக்கொண்டார். கிளெஸ்மர் என்னும் யூத நாட்டார் இசையை வாசிக்கும் குழுக்களும் இதை விடவில்லை.

கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு ஒரு வேடிக்கை: இதன் ஸ்வரங்கள் நம் மாயாமாளவகௌளை ராகத்தின் ஸ்வரங்களேதான். அந்த ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசை பாடிய தொண்டைக்கு இது அந்நியமே இல்லை. வேகம் குறைந்ததும் ரிஷபத்திலிருந்து (ரி) காந்தாரத்துக்கு (க) போகும் அந்த நீண்ட தாவல் தனியாகத் தெரிகிறது. ஏக்கம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அதைக் கிளாரினெட்காரர் அவசரமில்லாமல் இழைத்து இழைத்து வாசித்தார்.

ஒரே குறை, முடிக்கும்போது கைதட்டலுக்காக வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். அதற்குத்தான் டிக் டேலின் இசைத்தட்டு இருக்கிறதே!