ஏழுக்கு நாலு, 18 எம்எம்

கல்யாணமாகி மலேசியாவின் ஈப்போவிலிருந்து சேலத்துக்கு வந்த முதல் மாதம், படுக்கையறைக்கு ஓர் அலமாரி செய்வதென்று முடிவானது. நானே டேப் பிடித்துச் சுவரை அளந்து, 213 சென்டிமீட்டர் உயரம், 122 அகலம் என்று தாளில் எழுதி ஆசாரியிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏழுக்கு நாலுன்னு சொல்லுங்கம்மா" என்றார். அடிக்கணக்கு.

சரி, இங்கே அடிதான் போலிருக்கிறது என்று நினைத்தால், அடுத்த மூச்சிலேயே "ப்ளைவுட் 18 எம்எம் போட்டுக்கலாம்" என்கிறார். பலகையின் நீள அகலம் எட்டுக்கு நாலு அடி, தடிமன் மட்டும் மில்லிமீட்டர். இழுப்பறை என்று வந்தால் இஞ்ச். இஞ்சுக்குக் கீழே நூல். ஓர் இஞ்சுக்கு எட்டு நூல், அதாவது ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஒரே அலமாரிக்குள் இத்தனையும்.

என்னிடம் 14 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது. கணக்குப் போட்டு, இழுப்பறைக்கு உள் உயரம் அஞ்சரை இஞ்ச் என்று பெருமையாகச் சொன்னேன். அலமாரி வந்தது. இழுப்பறையை மூடப் போனால் கூடையின் விளிம்பு இடிக்கிறது. ஆசாரி சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. "நீங்க கூடையோட அளவைச் சொன்னீங்க. அது போய் வர்ற எடத்தைச் சொல்லலையே. ரெண்டு நூல் விட்டிருக்கணும்." அந்தக் கூடையில் இப்போது வெங்காயம் இருக்கிறது.

மலேசியாவை உயர்த்திப் பேசவும் வழியில்லை. அங்கே மெட்ரிக்குக்கு 1972இல் சட்டம் வந்தது, இந்தியாவில் 1956இலேயே வந்துவிட்டது. ஆனாலும் ஈப்போ சந்தையில் அம்மா மீன் வாங்குவது இன்றைக்கும் காத்திக் கணக்கில்தான், ஒரு காத்தி ஏறக்குறைய 600 கிராம். வீட்டின் பரப்பு அங்கேயும் சதுர அடிதான்.

எனக்கு உண்மையான பாடம் வளையல் கடையில் கிடைத்தது. சின்ன வயதிலிருந்தே என் கைக்கு 'ரெண்டு ஆறு'. அதை 2.6 என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரம்மா விளக்கினார்: ரெண்டு இஞ்ச், அப்புறம் பதினாறில் ஆறு பங்கு. அதாவது உள்விட்டம் 2.375 இஞ்ச், ஆறு சென்டிமீட்டர். ரெண்டு நாலும் ரெண்டு எட்டும் இதே கணக்குதான். இத்தனை வருடம் பாதி தெரிந்த எண்ணைக் கையில் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன்!

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கியபோது நானே முந்திக்கொண்டு கேட்டேன். எடைக்குக் கிராம், நீளத்துக்கு இஞ்ச். தங்கம் என்றால் எட்டு கிராம் ஒரு பவுன். பூவுக்கு முழம், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. யாருடைய கை என்பதுதான் கேள்வி. அத்தை எப்போதும் உயரமான பூக்காரியிடம்தான் போவார், காரணம் கேட்டால் "பூ நல்லா இருக்கும் கண்ணு" என்பார்.

சமையலறையில் என் டிஜிட்டல் தராசு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தது. பொங்கலுக்கு எத்தனை கிராம் அரிசி என்று அத்தையிடம் கேட்டேன். "ரெண்டு ஆழாக்கு அரிசி, அரை ஆழாக்குப் பருப்பு, அதே ஆழாக்குல தண்ணி ஊத்து கண்ணு." முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, ஒன்றுக்கு இத்தனை பங்கு என்பது மாறாதவரை ஆழாக்கு எத்தனை மில்லி என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆயுத பூஜைப் பொரியைப் படியில் அளப்பதும் நியாயமாகவே பட்டது. காற்றைப் போலிருக்கும் பொரியை எடை போட்டு வாங்கினால் எவ்வளவு பெரிய பை கொண்டுபோவது என்று எப்படித் தெரியும்? தராசு கேக் செய்யும் நாளில் மட்டும் வெளியே வருகிறது.

போன வாரம் ஜன்னலுக்குத் திரை தைக்க வேண்டியிருந்தது. ஜன்னலை அடியில் அளந்தேன், ஏழு. துணிக்கடையில் மீட்டர், தையற்காரருக்கு இஞ்ச். இந்த முறை முதலில் தையற்காரரிடம் போய், மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் சேர்த்து எத்தனை இஞ்ச் விடவேண்டும் என்று கேட்டேன். எட்டு என்றார். ஆக 92 இஞ்ச், 2.34 மீட்டர். கடையில் அதைச் சொன்னதும், "துவைச்சா சுருங்கும்மா, ரெண்டரையா வாங்கிக்கங்க" என்றார்கள். வாங்கிக்கொண்டேன்.