சிக்னல் இல்லை என்று புகார் கொடுத்தேன், போனை எடுக்கவில்லை என்று மூடிவிட்டார்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீடு தரைத்தளம். மூன்று பக்கமும் நாலு மாடிக் கட்டடங்கள், நடுவில் பூனை போகிற அளவுக்கு இடைவெளி. குடிவந்த நாளிலிருந்தே உள்ளே சிக்னல் சுமார்தான். ஓனர் ஆன்ட்டியிடம் சொன்னபோது "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். இரண்டு வருஷம் அட்ஜஸ்ட் செய்தோம். மாடிப்படியில் மூன்றாவது படிக்குப் போனால் இரண்டு கோடு வரும். சிலிண்டர் போடுகிறவர் வாசலில் காத்திருக்க, நான் மூன்றாவது படியில் கையைத் தூக்கி நின்று ஓடிபி வாங்கி அவருக்குச் சொல்வது தெருவுக்கே பழகிப்போன காட்சி.

இந்தப் பிப்ரவரியில் அந்த இரண்டு கோடும் போயின.

அம்மா போளூரில் இருக்கிறார். "யார்றா அந்தப் பொண்ணு? எப்ப போட்டாலும் அவதான் எடுக்கறா. வியாப்தி, வியாப்திங்கறா" என்றார் ஒரு நாள். நான் 'வியாப்தி பிரதேச'த்துக்கு வெளியே, அதாவது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறேன் என்று கன்னடத்தில் சொல்கிற பதிவுக் குரல் அது. நாங்களும் சிரித்தோம். அப்புறம் ஒரு ராத்திரி அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலையில் ஹலசூரு மெட்ரோ படியேறும்போதுதான் பதினோரு தவறிய அழைப்புகளும் வரிசையாக வந்து விழுந்தன. அதற்குள் அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அன்று முழுக்கக் கை நடுங்கியது.

வீட்டில் வைஃபை இருக்கிறதே, வாட்ஸ்அப்பில் பேசலாமே என்பீர்கள். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். பள்ளிக்கூட வேன் டிரைவரும் பேங்கும் கூட வாட்ஸ்அப்பில் கூப்பிடுவதில்லை.

சரி, புகார் கொடுப்போம் என்று மொட்டை மாடிக்குப் போய் 198-ஐ அழைத்தேன். புகார் எண் உடனே கிடைத்தது. மூன்றாம் நாள் ஒரு குறுஞ்செய்தி: 'உங்கள் புகார் தொடர்பாக உங்களைத் தொடர்புகொள்ள முயன்றோம், இயலவில்லை. புகார் முடித்துவைக்கப்படுகிறது.' இதுவும் ஆபீஸ் போகும் வழியில், இந்திராநகர் ஸ்டேஷன் தாண்டும்போதுதான் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் புகாரே போன் வரவில்லை என்பதுதான். அது உண்மை என்று அவர்களே கூப்பிட்டு உறுதிசெய்துகொண்டு மூடியிருக்கிறார்கள்.

இரண்டாவது முறையும் இதே கதை. மூன்றாவது முறைதான் புத்தி வந்தது: புகார் கொடுக்கும்போதே மாற்று எண் ஒன்றைப் பதியச் சொல்ல வேண்டும். மனைவியின் ஆபீஸ் எண்ணைக் கொடுத்தேன். இன்னொன்று, அவர்கள் கூப்பிடும்போது "சார், இப்ப பேச முடியுதே, அப்ப சரியாயிடுச்சா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று வாய்தவறி வந்துவிட்டால் அதையும் மூடிவிடுவார்கள். 'நான் இப்போது வீட்டுக்கு வெளியே நின்று பேசுகிறேன்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இதற்கு நடுவில் மெயின் ரோட்டில் இருக்கும் அவர்களுடைய கடைக்குப் போனதுதான் நான் செய்த பெரிய தப்பு. சனிக்கிழமை, டோக்கன் 47. ஒன்றேகால் மணி நேரம். கவுன்டரில் இருந்த தம்பி என் போனை வாங்கி, அங்கே நாலு கோடு இருப்பதைக் காட்டி, "சிக்னல் ஃபுல்லா இருக்கே சார்" என்றான். கடைக்குள் இருக்காதா பின்னே? வீட்டில் இல்லை என்றேன். "அப்ப சிம் வீக்கா இருக்கும், மாத்திடலாம்" என்றான். கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, மாற்றிக்கொண்டு வந்தேன்.

சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி போகவும் போகாது, வரவும் வராது. மோசடிக்காரர்கள் நம் பெயரில் சிம் வாங்கி ஓடிபி பார்த்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் அன்றைக்கு நான் வாடகை அனுப்ப வேண்டும். பேங்க் ஓடிபி வரவில்லை. ஓனர் ஆன்ட்டியிடம் "நாளைக்குத் தரேன்" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அட்ஜஸ்ட் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

புது சிம்மிலும் ஹாலில் அதே கதைதான். கோபத்தில் வேறு கம்பெனிக்கே மாறிவிடுவோம் என்று 1900-க்கு போர்ட் செய்தி அனுப்பினேன். நிராகரிப்பு. 2024 ஜூலையிலிருந்து, சிம் மாற்றி ஏழு நாள் ஆகும்வரை போர்ட் குறியீடு தர மாட்டார்கள். போர்ட் செய்யும் எண்ணம் இருக்கிறவர்கள் சிம்மைக் கையால் தொடாதீர்கள்.

ஆனால் அந்த ஏழு நாளில்தான் உருப்படியாக ஒன்று செய்தேன். ஆபீஸ் நண்பர் ஒருவர், "கோட்டை நம்பாதே, நம்பரைப் பார்" என்றார். கோடுகள் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று உள்ளே போனால் டிபிஎம் என்று சிக்னல் பலத்தைக் காட்டும் ஓர் எண் இருக்கும். எப்போதும் மைனஸில்தான் இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. 4ஜி-யில் மைனஸ் 85, 90 என்றால் ராஜா மாதிரிப் பேசலாம். மைனஸ் 110-க்குக் கீழே போனால் இழுபறி. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது என்று அர்த்தம். ஒரு நோட்டில் குறித்தேன்: மொட்டை மாடி மைனஸ் 91, மூன்றாவது படி 113, ஹால் 119, பூஜை அலமாரி பக்கம் 'சேவை இல்லை'. சாமிக்கும் நமக்கும் நடுவில் டவர் வேண்டாம்தான்.

அதே நோட்டோடு, நண்பரின் வேறு கம்பெனி சிம்மையும் வாங்கிவந்து போட்டுப் பார்த்தேன். ஹாலில் மைனஸ் 117. போர்ட் ஆகியிருந்தால் திரும்பி வர 90 நாள் காத்திருந்திருக்க வேண்டும். மாறுவதற்கு முன் யாரிடமாவது அந்த சிம்மைக் கடன் வாங்கி, வீட்டில் உங்களுக்குத் தேவையான மூலையில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தெருமுனையில் பார்ப்பது கணக்கில் வராது.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் சிக்னல் பூஸ்டர் கிடைக்கும், மாடியில் ஆன்டெனா வைத்தால் வீடு முழுக்க சிக்னல் என்று மைத்துனர் ஆசை காட்டினார். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டத்திலிருந்தே அப்படித்தான். அது போடும் இரைச்சலில் டவரே தடுமாறி அக்கம்பக்கத்துக்காரர்களின் அழைப்பும் கெடும். வாங்கவில்லை. இன்னொருவர், அழைப்பு அறுந்தால் ஒரு ரூபாய் தருவார்களே, கேட்டு வாங்கு என்றார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2015-இல் அப்படி உத்தரவு போட்டது உண்மை. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது புகாரும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்ட பிறகு மேல்முறையீடு போட்டேன். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி இருந்தாக வேண்டும், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ட்ராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை என்பதால் இதுதான் அடுத்த வழி. மூன்று புகார் எண்களையும், மூடிய குறுஞ்செய்திகளின் படங்களையும், என் நோட்டுப் பக்கத்தையும் இணைத்தேன். 'தொடர்புகொள்ள இயலவில்லை' என்ற வரியைச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பினேன், அதில் எனக்கொரு திருப்தி.

பன்னிரண்டாம் நாள் ஒரு இன்ஜினியர் நேரில் வந்தார். கோலார் தங்கவயல்காரர், தமிழ் பேசினார். இரண்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹால், சமையலறை, பாத்ரூம் வாசல் என்று மெதுவாக நடந்தார். என் நோட்டைப் பார்த்துவிட்டு, "நீங்களே என் வேலையைப் பண்ணிட்டீங்களே சார்" என்றார். காபி குடிக்கும்போது விஷயம் வந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்து மாடியில் இருந்த டவரைப் பிப்ரவரியில் இறக்கிவிட்டார்கள், கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்களாம். வேறு இடம் பார்த்தால் கதிர்வீச்சு என்று குடியிருப்பவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம். டவர் கதிர்வீச்சுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு, 2012 செப்டம்பரிலிருந்து அப்படி. டவர் தூரமாகப் போகப் போக, காதோரம் இருக்கும் நம் போன்தான் அதிக சக்தியில் கத்த வேண்டியிருக்கிறது. பேட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்துபோவதும் அதனால்தான்.

கிளம்பும்போது, "வைஃபை காலிங் போடலையா சார்?" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே.

இரண்டு மாதம். மூன்று புகார். 198-இல் எத்தனை பேர், கடையில் ஒரு தம்பி. ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை! நம் நாட்டில் 2019 கடைசியிலிருந்து இருக்கிற வசதி. வீட்டு பிராட்பேண்ட் வழியாகவே சாதாரண அழைப்பு போகும், வரும். எதிர்முனையில் பட்டன் போன் இருந்தாலும் கவலை இல்லை, தனிக் கட்டணமும் இல்லை. என் போனில் அந்த ஸ்விட்சே இல்லை, சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட பிறகு சிம் செட்டிங்ஸுக்குள் முளைத்தது. இரட்டை சிம் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். வேலை செய்கிறதா என்று பார்க்க, ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையை மட்டும் திறந்து கூப்பிட்டுப் பாருங்கள். போனால் சரி. ஒரு குறை: பேசிக்கொண்டே வாசலைத் தாண்டினால் அறுந்துவிடுகிறது, வெளியே பிடித்துக்கொள்ள 4ஜி இருந்தால்தானே.

ஆபீஸ் தனிக்கதை. ஹூடி பக்கம் கண்ணாடிக் கட்டடம், எங்கள் டெஸ்ட் லேப் இரண்டாவது பேஸ்மென்ட். மேலே இருப்பவர்களுக்கும் சிரமம்தான், வெயில் சூட்டைத் தடுக்கக் கண்ணாடியில் பூசியிருக்கும் மெல்லிய உலோகப் பூச்சு சிக்னலையும் தடுக்கிறது. கீழே எங்களுக்குச் சுத்தமாக இல்லை. ஆபீஸ் வைஃபையில் வைஃபை காலிங்கைப் போட்டேன், பிடிக்கவே இல்லை. ஐ.டி. பிரிவுக்கு டிக்கெட் போட்டேன். 'சொந்த அழைப்புகளுக்கு உதவ இயலாது' என்று ஒரு வரியில் மூடினார்கள். மூடுவது என் ஜாதகத்திலேயே இருக்கிறது போலும்.

அரக்கோணத்துக்காரர் ஒருவர் அந்தப் பிரிவில் இருக்கிறார். டீக்கடையில் பிடித்தேன். "அண்ணா, ஃபயர்வால்ல யுடிபி 500, 4500னு ரெண்டு போர்ட், அதாவது வைஃபை காலிங் போற வழி, மூடியிருக்கும். அதைத் திறந்தா வேலை முடிஞ்சுது. ஆனா சொந்த கால்னு எழுதினா யாரும் திறக்க மாட்டாங்க. சம்பள போர்ட்டல் ஓடிபி வரலைன்னு எழுதுங்க" என்றார். பொய்யும் இல்லை, நம் கம்பெனி போர்ட்டலே ஓடிபி கேட்கும். அதை வாங்க லேப் ஆட்கள் லிஃப்ட் ஏறித் தரைத்தளத்துக்குப் போய்வருகிறோம். அப்படியே எழுதி, எச்.ஆரையும் நகலில் சேர்த்தேன். மறுநாள் மத்தியானம் திறந்துவிட்டார்கள். லேப்பில் முதல் போன் மணி அடித்தபோது ஆறு பேரும் வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தோம். யாரோ பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்டார்கள்.

மே மாதம் ஒரு மழை ராத்திரியில் கரன்ட் போனது, ரௌட்டர் அணைந்தது, அம்மாவுக்குத் திரும்ப 'வியாப்தி' பெண் கிடைத்தாள். ரௌட்டருக்கென்றே உள்ளங்கை அகலத்தில் 12 வோல்ட் யுபிஎஸ் விற்கிறார்கள், வாங்கி மாட்டிவிட்டேன். இந்த வழியில் போகிறவர்கள் அதையும் சேர்த்தே கணக்கில் வையுங்கள்.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பதிவு அழைப்பு. 'உங்கள் பகுதியில் எங்கள் நெட்வொர்க் உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2.' ஹாலில், பூஜை அலமாரி பக்கத்தில் நின்று கேட்டேன், குரல் கணீரென்று இருந்தது. போன் திரையில் வைஃபை அடையாளம். நான் மாதாமாதம் தனியாகக் காசு கட்டும் பிராட்பேண்டில்தான் அந்தக் கேள்வியே வந்து சேர்ந்திருக்கிறது.

2-ஐ அழுத்தினேன்.