ஒற்றை இருக்கைக் கயாக்

வீடியோ காலில் புதுக் கயாக்கை, துடுப்பு போட்டு ஓட்டும் சின்னப் படகை, காட்டியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "கூட ஆரு வருவா மக்ளே?" இருக்கை ஒன்றுதான் என்றேன். "அப்பா என்னைக்காவது ஒத்தையில போனதுண்டா?" கடல் இல்லை அம்மா, சிம்கோ ஏரி, டொரண்டோவுக்கு வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் வந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். அக்கரை தெரியுமா என்றார். எல்லா இடத்திலும் தெரியாது. "அப்போ கடல்தான்" என்று முடித்துவிட்டார்.

மேலே உட்கார்ந்து ஓட்டும் வகையைத்தான் வாங்கினேன், 12 அடி. தட்டில் துளைகள் இருக்கின்றன, அலை அடித்து ஏறும் தண்ணீர் அந்த வழியாகத் தானே இறங்கிவிடும். கட்டுமரத்தில் தடிகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்து போவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கால் நனையும், ஆனால் மூழ்காது என்ற நம்பிக்கை உடம்பிலேயே இருக்கிறது.

அப்புறம் பொருத்தும் வேலை. கராஜில் ட்ரில்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்த மாலைகள்தான் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த நல்ல பொழுது. பாலிஎத்திலீன் உடம்பு, எந்தப் பசையும் அதில் நிலைத்துப் பிடிக்காது. துளை போட்டு, உள்ளே ரப்பர் நட்டு வைத்து, போல்ட்டால் இறுக்கினால்தான் நிற்கும். தூண்டில் தாங்கிகள் கை எட்டும் தூரத்தில், ஆனால் துடுப்பு வீச்சில் இடிக்காத இடத்தில் வர வேண்டும். இதற்காகக் கராஜ் தரையிலேயே கயாக்கில் உட்கார்ந்து துடுப்பைச் சுழற்றிப் பார்த்துப் பென்சிலால் குறித்தேன்.

பொருத்தப் பொருத்தத்தான் ஒன்று உறைத்தது. நான் மாட்டுகிற ஒவ்வொரு சாமானும் ஊரில் ஒரு ஆள். நங்கூரக் கயிற்றை முன்னும் பின்னும் நகர்த்த, பக்கவாட்டில் கப்பி வைத்து ஒரு கயிற்று வளையம் கட்டினேன். காற்று மாறும்போது முனையைக் காற்றுக்கு நேராகத் திருப்ப அதுதான் வழி, நடுப்பக்கத்தில் நங்கூரம் கட்டினால் கவிழ்த்துவிடும். ஊரில் அது சித்தப்பாவின் வேலை, கச்சான் காற்று திரும்புவது அவருக்குத்தான் முதலில் தெரியும். கரையிலிருந்து தண்ணீர் வரை தள்ள இரண்டு சக்கர வண்டி வாங்கினேன். ஊரில், கன்னியாகுமரிப் பக்கம் மணக்குடியில், கட்டுமரத்தைத் தள்ளக் குரல் கொடுத்தால் போதும், டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூட கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான். மீன் காட்டும் கருவியின் சென்சாரைத் தட்டுத் துளையில் இறக்கி, 12 வோல்ட் லித்தியம் பேட்டரியை நீர் புகாத பெட்டியில் வைத்தேன். அடியில் பாறை எங்கே, சரிவு எங்கே என்று திரையில் தெரிகிறது. அப்பா மருந்துவாழ்மலையையும் கோயில் கோபுரத்தையும் அடையாளம் வைத்தே, பார் என்று நாங்கள் சொல்லும் கடலடிப் பாறை இருக்கும் இடத்தில் மரத்தை நிறுத்துவார்.

விதிகளில் எனக்கு மனவருத்தம் இல்லை, பிடித்தே இருக்கிறது. 18 முதல் 64 வயது வரை மீன்பிடி உரிமம் வேண்டும். உயிர்காப்பு அங்கியும் விசிலும் கயாக்கில் இருக்க வேண்டும். அங்கியைக் கழற்றுவதே இல்லை. மே மாதம் வெயில் அடிக்கும், தண்ணீர் மட்டும் பனிக்கட்டி உருகிய குளிரிலேயே கிடக்கும். குளிர்ந்த நீரில் உடம்பு என்னவாகும் என்று ஆராய்ந்த மனிடோபா பல்கலைக்கழகத்தின் கீஸ்ப்ரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கு எனக்கு மனப்பாடம்: விழுந்தால் மூச்சை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்பும் முன் 1 மணி நேரம். குளிருக்கு உயிர் போகும் என்ற நினைப்பே நம் கடலில் வந்ததில்லை.

நம் பக்கம் தடைக்காலம் விசைப்படகுக்கு, இங்கே மீனுக்கு மீன் தனித்தனிப் பருவம். வசந்தத்தில் ஸ்மால்மவுத் பாஸின் ஆண் மீன் முட்டைக் குழியை விட்டு நகராமல் காவல் நிற்கும், அப்போது அதைத் தொடக்கூடாது. பருவம் திறந்த பிறகும் முழு உரிமத்துக்கு ஒரு நாளைக்கு 6 மீன்தான். பிடித்ததை விற்கவும் கூடாது. ஆகவே ஏலம் இல்லை, பங்கு இல்லை, வலைக்கு இவ்வளவு மரத்துக்கு இவ்வளவு என்ற சண்டையும் இல்லை. ஒரு பெரிய பாஸைத் திரும்ப விட்ட வீடியோவைப் பார்த்த அம்மா, "விடுறதுக்கா அம்புட்டுத் தூரம் போன?" என்று சிரித்தார்.

பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் மீன் விழுந்ததும் வாய் தானாக "லே, பிடி!" என்று கத்துகிறது.

குளச்சலிலிருந்து வந்த ஒருவர் பிராம்ப்டனில் இருக்கிறார், போன வாரம் அவரும் ஒரு கயாக் எடுத்துவிட்டார். ட்ரில்லைக் கொண்டு வரவா என்று கேட்டிருக்கிறேன். கப்பிக் கயிறு என்னிடம் மீதி இருக்கிறது, அவருக்கு அது சரியாகப் போதும்.