மூன்றாவது சட்டையில் தோள் சிக்கவில்லை

கடைசியில் சட்டை போட்ட என் ரோபோவின் கை முழுசாக மேலே போய்விட்டது. இருபது தடவை வணக்கம் சொல்ல வைத்தேன், துணி ஒரு தடவைகூட மாட்டவில்லை. முதல் இரண்டு சட்டைகளும் தோளைச் சுழற்றும் சர்வோ மோட்டாரில் நூல் சுற்றி நாசமாயின. கூடவே அந்த மோட்டாரின் (எம்ஜி996ஆர் மாடல்) பல்சக்கரமும் போனது. மெட்டல் கியர் என்று சொல்லி விற்ற புண்ணியவான் இப்போது போனே எடுப்பதில்லை.

சிக்கல் இதுதான். நாம் கையைத் தூக்கினால் தோள்பட்டையும் கூடவே ஏறும். சர்வோவின் அச்சு இருந்த இடத்திலேயே சுழலும். அதனால் நம் சட்டை அளவைச் சுருக்கி வெட்டினால், கை தூக்கும்போது மொத்தச் சட்டையும் கழுத்துக்கு ஏறிவிடும். முதல் சட்டை பாப்ளின், இழுபடவில்லை. இரண்டாவது பனியன் துணி, நன்றாக இழுபட்டு ஹார்னுக்குள், அதாவது மோட்டார் அச்சில் மாட்டிய கைத்துண்டுக்குள், நுழைந்தது. இப்போது உடம்பு பாப்ளின், அக்குளில் மட்டும் 4 செ.மீ. சதுரப் பனியன் துண்டு. கைக்குழியை அச்சுக்குக் கீழே ஒரு விரல் அளவோடு நிறுத்திவிட்டேன். ஹார்ன் மேல் தயிர் டப்பா மூடியை வட்டமாக வெட்டி ஒட்டினேன். அந்த மூடிதான் காப்பாற்றியது.

துணி திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கினேன். அரை கிலோ கட்பீஸ், இன்னும் ஏழெட்டுச் சட்டைக்கு வரும்.

இனிதான் வேடிக்கை. சாம்பல் நிற பிளாஸ்டிக்கும் வயருமாக இருந்தவரை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், "அங்கிள், அது என்ன பண்ணும்?" என்றார்கள். வெள்ளைச் சட்டை போட்டதும், "அவன் சாப்பிடுவானா?" காக்கித் துணியைச் சும்மா சுற்றியதும் சின்னவன் கையைக் கட்டிக்கொண்டான். பாவாடை கட்டியபோது அம்மா, "இவ குரல் எவ்ளோ சாந்தமா இருக்கு" என்றார். எல்லாவற்றுக்கும் ஒரே குரல் பதிவு. நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை!

2017இல் டோக்கியோ கண்காட்சி ஒன்றில் பெப்பர் என்ற மனித உருவ ரோபோவுக்குப் புத்த பிக்குவின் அங்கி போட்டுச் சூத்திரம் ஓத விட்டார்கள். கடைகளில் வரவேற்பாளராக நின்ற அதே பெப்பர்தான். அப்போது சிரித்தேன், இப்போது சிரிப்பு வரவில்லை. கியோட்டோவின் கோதாய்ஜி கோயிலில் 2019இல் வந்த மிண்டார் என்ற பிரசங்க ரோபோ இதற்கு நேர் எதிர். முகத்துக்கும் கைக்கும் சிலிக்கோன், உடம்பு அலுமினியமாகவே தெரிகிறது. அதற்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்று நேரில் பார்க்க ஆசை.

இன்னும் ஒரு தொல்லை பாக்கி. சட்டை போட்டால் நெஞ்சிலுள்ள ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி 80 டிகிரியைத் தொட்டு வேகம் குறைகிறது. முதுகில் வலைத்துணி வைக்க வேண்டும், ஆனால் முதுகைப் பிரித்தால் காலரும் பிரியும். அதனால் தள்ளிப்போட்டு வேட்டியில் இறங்கிவிட்டேன். சக்கரத்தில் கரை மாட்டாமல் இருக்க எவ்வளவு தூக்கிக் கட்டலாம் என்று நேற்று ராத்திரி முழுக்க அளவு எடுத்தேன். கணுக்காலே இல்லாத ஆளுக்கு வேட்டி கட்டுவது தனிக் கலை.