சுண்டுவிரலுக்கு இடமில்லாத துப்பாக்கிகள்

கைத்துப்பாக்கி ஒன்றைச் சுடாமல் வெறுமனே கையில் எடுத்துப் பார்க்கும்போது ஏற்படும் நிறைவுக்கும், அதே துப்பாக்கியால் ஐம்பதாவது தோட்டாவைச் சுட்டு முடித்தபின் உள்ளங்கை சொல்லும் தீர்ப்புக்கும் பெரும்பாலும் தொடர்பே இருப்பதில்லை. சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருப்பதை முதலில் எல்லோருக்கும் பிடித்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் பிடித்தது. அந்தக் கவர்ச்சி சுடுதளத்தில் எத்தனை தோட்டாக்கள் வரை தாக்குப்பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் முறையாகவே பார்த்துவிடலாம் என்று, ஐந்து கைத்துப்பாக்கிகளை இரண்டு நாள்கள் அடுத்தடுத்துச் சுட்டுப் பார்த்தேன்.

அவற்றில் பெரியவை இரண்டு. 1988-இல் வந்த க்ளாக் 19 இன்று ‘காம்பாக்ட்’ என்ற சொல்லுக்கே அளவுகோலாகிவிட்டது. அதன் குழல் 102 மி.மீ. நீளம், பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில் 15 தோட்டாக்கள், வெற்று மேகசினோடு எடை சுமார் 670 கிராம். சி.இசட். 75 காம்பாக்ட் முழுக்க எஃகாலான பழைய பாணித் துப்பாக்கி. காலியாகவே 900 கிராமைத் தாண்டும். நடுத்தரத்தில் 2018-இல் அறிமுகமான சிக் சாவர் பி365: குழல் 79 மி.மீ., 10 தோட்டாக்கள், எடை சுமார் 500 கிராம். சிறியவை இரண்டு: ஐந்து தோட்டாக்கள் மட்டுமே கொள்ளும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர், எடை சுமார் 420 கிராம், ருகர் எல்சிபி, எடை வெறும் 270 கிராம் அளவே. முதல் மூன்றும் 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவைச் சுடுபவை, ரிவால்வர் .38 ஸ்பெஷலையும் எல்சிபி .380 ஏசிபியையும் சுடுபவை.

முதல் நாள் பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடித்தேன். மறுநாள் வரிசையைத் தலைகீழாக்கினேன். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் கடைசியாகச் சுடும் துப்பாக்கி, அதற்கு முன் சோர்ந்துபோன கையின் பழியையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் 7 மீட்டரிலிருந்தும் 15 மீட்டரிலிருந்தும், இரண்டு கைகளாலும் பிடித்து, அவசரமில்லாமல் சுட்டேன். என் கை நடுத்தர அளவு கொண்டது. பெரிய கையுடையவர்களுக்கும் சிறிய கையுடையவர்களுக்கும் நான் இனிச் சொல்லப்போகும் வரிசை மாறலாம்.

பின்னுதைப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் பார்த்த மற்ற இரண்டும், வசதியும் துல்லியமும், அதற்குக் கட்டுப்பட்டவை. குண்டு முன்னோக்கி எடுத்துச் செல்லும் உந்தத்துக்குச் சமமான உந்தம் துப்பாக்கியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. 115 கிரெய்ன், அதாவது சுமார் 7.5 கிராம் எடையுள்ள 9 மி.மீ. குண்டு நொடிக்கு 360 மீட்டர் அளவில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டு, வெடிமருந்து வாயுவின் பங்கைக் கணக்கில் சேர்க்காமல் தோராயமாகப் பார்த்தால், தோட்டாக்கள் நிரம்பிய க்ளாக் 19 நொடிக்கு 3 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் பின்வாங்கும். சி.இசட். இரண்டரை மீட்டர், பி365, அதன் குட்டைக் குழலில் குண்டு கொஞ்சம் வேகம் இழப்பதைக் கழித்துப் பார்த்தாலும், 4 மீட்டர். இதுவரை யாரும் ஊகிக்கக்கூடியதுதான்.

வியப்பு எல்சிபியில்தான் காத்திருந்தது. .380 ஏசிபி ‘மென்மையான’ தோட்டா என்று பெயர் வாங்கியது; அதன் உந்தம் 9 மி.மீ. பாரபெல்லத்தின் உந்தத்தில் ஐந்தில் மூன்று பங்கு அளவே. ஆனால் அந்த உந்தத்தை ஏற்கும் துப்பாக்கியின் எடை, தோட்டாக்களோடு சேர்த்தும் 330 கிராம்தான். எனவே அது நொடிக்கு 5 மீட்டர் அளவில் பின்னோக்கிப் பாய்கிறது. ஆற்றல் என்று பார்த்தால் க்ளாக் 19-க்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்த ஆற்றலை எல்சிபி இன்னும் வேகமாகவும், இன்னும் ஒடுங்கிய பிடியின் வழியாகவும் உள்ளங்கையில் இறக்குகிறது என்பதே வேறுபாடு. அகலமான பலகையால் தள்ளுவதற்கும் அதே பலத்தோடு குச்சியால் குத்துவதற்கும் உள்ள வித்தியாசம் போன்றது அது. உதைப்புக்குப் பயப்படும் ஒருவரிடம், தோட்டா சிறியது என்ற ஒரே காரணத்துக்காக மிகச் சிறிய .380 ஒன்றை முதல் துப்பாக்கியாகப் பரிந்துரைப்பவர்களை நான் இனி நம்பப்போவதில்லை.

எடை மட்டுமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. குழல் கைக்கு மேலே இருப்பதால், உதைப்பு துப்பாக்கியை நேராகப் பின்னுக்குத் தள்ளுவதோடு நிற்காமல் முனையை மேல்நோக்கிச் சுழற்றவும் செய்கிறது. அந்தச் சுழற்சியை எதிர்த்து நிற்பதில், குழலிலிருந்து மிகத் தள்ளிப் பிடியின் அடியில் இருக்கும் விரல்களுக்கு நெம்புகோலின் அனுகூலம் அதிகம். சுண்டுவிரலைப் பற்றி நான் இவ்வளவு யோசிக்க நேர்ந்தது இதனால்தான். க்ளாக் 19-இலும் சி.இசட்.இலும் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் பிடியில் இறுக அமர்கின்றன. பி365-இல் அடிப்பகுதி தட்டையான மேகசினைப் போட்டபோது என் சுண்டுவிரலில் பாதிதான் பிடியில் இருந்தது, மீதி காற்றில். எல்சிபியில் அது முழுவதுமாக அந்தரத்தில் தொங்கியது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த விரல் தானாகவே மடங்கிப் பற்றுக்கோடு தேடியதைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. பி365-க்கு அடியில் விரல்தாங்கியுள்ள மேகசினை மாற்றினேன். நீளம் ஒன்றரைச் சென்டிமீட்டர்கூடக் கூடியிருக்காது. ஆனால் முனை மேலெழுந்து திரும்பி வரும் பாதை சட்டென்று குறுகிவிட்டது, வேறொரு துப்பாக்கியைச் சுடுவதுபோல் இருந்தது.

பிடி குட்டையானால் பாதிக்கப்படுவது சுடும் கை மட்டுமல்ல. துணைக்கையின் உள்ளங்கை வந்து அமர்வதற்குப் பிடியின் இடப்பக்கத்தில் வெற்றிடம் வேண்டும். பெரிய துப்பாக்கியில் அந்த இடம் தாராளமாகக் கிடைக்கிறது, சிறியதில் சுடும் கையின் விரல்களே அதை நிரப்பிவிடுவதால், துணைக்கை துப்பாக்கியைப் பிடிப்பதற்குப் பதில் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வசதி என்பதில் இன்னும் சில சில்லறைத் தொல்லைகள் உண்டு. சுடும்போது பின்னோக்கி ஓடித் திரும்பும் மேற்பகுதியான ஸ்லைடு சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருந்தால் அதைத் தடுத்து நிறுத்த வலிய சுருள்வில் தேவைப்படுகிறது. அதனால்தான் சிறிய துப்பாக்கியின் ஸ்லைடை இழுப்பது பெரும்பாலும் பெரியதை இழுப்பதைவிடக் கடினம். விரல் வலிமை குறைந்தவர்களை மனத்தில் வைத்து, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-இல் ஷீல்ட் ஈஸி என்ற .380 துப்பாக்கியையே கொண்டுவந்தது. ஸ்லைடோடு பூட்டப்பட்ட குழல் இல்லாமல், ஸ்லைடின் எடையையும் வில்லையும் மட்டுமே நம்பும் ‘ப்ளோபேக்’ அமைப்பில் இந்தக் கடினமும் கூடுதல், உதைப்பும் திடுக்கென்று வருவது. 1931-இல் வந்த வால்தர் பிபிகே இந்த அமைப்புக்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. சில ஆண்டுகளுக்கு முன் அந்த வகையைச் சேர்ந்த பழைய துப்பாக்கி ஒன்றை உயரப் பிடித்துச் சுட்டதில், பின்னோக்கி வந்த ஸ்லைடு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள தோலில் இரண்டு இணைகோடுகளைக் கீறிவிட்டுப் போனது. துப்பாக்கியின் மேல் தப்பில்லை. நான் பிடித்த விதம் அப்படி.

சுட்டவற்றுள் மிக வசதியானது எது என்று கேட்டால், தயங்காமல் சி.இசட். 75 காம்பாக்ட் என்பேன். அதன் பிடி உள்ளங்கையின் வளைவுக்கேற்ப வளைந்திருக்கிறது. பெரும்பாலான துப்பாக்கிகளில் ஸ்லைடு சட்டகத்தின் வெளிப்பக்கத்தைக் கவ்விக்கொண்டு ஓட, இதில் சட்டகத்துக்குள்ளேயே ஓடுகிறது. எடையும் தன் பங்குக்கு உதைப்பை விழுங்கிவிடுகிறது. நாள் முழுவதும் இடுப்பில் சுமக்க அது பாரம்தான், ஆனால் நான் இங்கே சுடுதளத்தை மட்டுமே பேசுகிறேன்.

இனித் துல்லியம். இங்கே இரண்டு வேறுபட்ட செய்திகளை நாம் எப்போதும் குழப்பிக்கொள்கிறோம். துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்திச் சுட்டால் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழும் என்பது ஒன்று. என் கையில் இருக்கும்போது எவ்வளவு நெருக்கமாக விழும் என்பது மற்றொன்று. குட்டைக் குழல் என்பதற்காகவே குண்டுகள் சிதறிவிடுவதில்லை. குழல் குறைவதால் முதலில் குறைவது குண்டின் வேகமும், குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள தூரமுமே. இந்தத் தூரம் 150 மி.மீ. ஆக இருக்கும்போது முன்குறி 1 மி.மீ. விலகினால், 15 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகும். தூரம் 100 மி.மீ. ஆகக் குறைந்தால் அதே 1 மி.மீ. பிழை 15 சென்டிமீட்டர் ஆகிவிடும். துப்பாக்கி பிழை செய்வதில்லை, நம் பிழையைப் பெருக்கிக் காட்டுகிறது.

அதைவிடப் பெரிய எதிரி டிரிகர். க்ளாக்கின் டிரிகரை இழுக்கச் சுமார் இரண்டரைக் கிலோ அழுத்தம் வேண்டும். நிரம்பிய துப்பாக்கியின் எடையைப்போல் அது மூன்று மடங்கு. 642 ரிவால்வரில் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் அதை முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைக்க வழியில்லை, ஒவ்வொரு முறையும் நீண்ட, ஐந்து கிலோ அளவிலான இழுப்பு ஒன்றைக் கடந்தாக வேண்டும். அரைக் கிலோகூட இல்லாத ஒரு பொருளை அதன் எடையைப்போல் பத்து மடங்கு அழுத்தத்தால் இழுத்துக்கொண்டே அசையாமல் பிடித்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், 15 மீட்டரில் என் துளைகள் தாள் முழுவதும் விரவிக் கிடந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 7 மீட்டரில் அதே ரிவால்வர் ஐந்து துளைகளையும் ஒரு உள்ளங்கைக்குள் போட்டது. க்ளாக் 19 அதே தூரத்தில் பத்துத் துளைகளை ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள்ளும், 15 மீட்டரில் ஒரு கைப்பிடி முட்டி அளவுக்குள்ளும் வைத்தது. சி.இசட். அதைவிடக் கொஞ்சம் நெருக்கம். பி365 எனக்கு எதிர்பாராத நிறைவைத் தந்தது: முதல் இருபது தோட்டாக்கள் வரை அது க்ளாக்கோடு தோள் உரசி நின்றது.

அந்த இருபதுக்குப் பின்தான் கதை மாறியது. துளைகள் மெல்ல மெல்ல இலக்கின் மையத்தைவிட்டுக் கீழ்நோக்கியும் இடப்பக்கமாகவும் நகர்ந்தன. வலக்கைக்காரர் ஒருவருக்குத் துளைகள் கீழ் இடப்பக்கம் ஒதுங்கினால், உதைப்பு வருவதற்கு முன்பே கை அதை எதிர்பார்த்து இறுகுகிறது என்றே முதலில் ஐயப்பட வேண்டும். ஐயத்தைத் தீர்க்க, உடனிருந்த நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, எனக்குத் தெரியாமல் இரண்டு போலித் தோட்டாக்களை நடுவே கலந்து நிரப்பித் தரச் சொன்னேன். மூன்று முறை வெடித்தது. நான்காவது முறை டிரிகரை இழுத்தபோது ‘டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்டது. ஆனால் துப்பாக்கியின் முனை, தானியம் கொத்தக் குனியும் கோழியைப்போல், இரண்டு விரற்கடை கீழே குனிந்து எழுந்தது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். இலக்கை நோக்கியபடியே சில நொடிகள் காத்திருந்து, பின் ஸ்லைடை இழுத்துப் போலித் தோட்டாவை வெளியேற்றினேன்.

அதே சோதனையை உடனே க்ளாக்கில் செய்தபோதும் முனை குனிந்தது, ஆனால் மிகச் சிறிதாக. சி.இசட்.இல் ஏறக்குறைய அசையவே இல்லை. எல்சிபியில் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆக, என் கணக்கில் சிறிய துப்பாக்கியின் துல்லியத்தைக் கெடுத்தது குழலின் நீளத்தைவிட, அந்தத் துப்பாக்கி என் கைக்குக் கற்றுக்கொடுத்த பயமே. அந்தப் பயத்தில் ஓசைக்கும் பங்குண்டு. மூடிய சுடுதளத்தில் குட்டைக் குழலின் வெடிப்பு முகத்தில் அறைகிறது. காதுக்குள் செருகும் பஞ்சடைப்புக்கு மேல் காதுமூடியையும் போட்டுக்கொண்டு சுட்ட மறுநாள், உதைப்பே குறைந்துவிட்டதுபோல் தோன்றியது.

தோட்டாவை மாற்றிப் பார்ப்பதும் பயன் தந்தது. பி365-இல் 115 கிரெய்னுக்குப் பதிலாக 147 கிரெய்ன் குண்டுள்ள தோட்டாக்களைப் போட்டேன். உந்தம் ஏறத்தாழ அதேதான், ஆனால் கனமான குண்டு ஒலியின் வேகத்துக்குக் கீழே, நொடிக்கு 300 மீட்டர் அளவில் செல்வதால், என் கைக்கு அது வெட்டுவதாக அல்லாமல் தள்ளுவதாகத் தெரிந்தது. எல்லோரும் இப்படி உணர்வதில்லை. நண்பர் தமக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றார்.

இப்போது சுடுதளத்துக்குப் போனால் பி365-ஐத்தான் முதலில் எடுக்கிறேன். விரல்தாங்கியுள்ள மேகசினோடு, காதுகள் இரண்டு அடுக்காக மூடியிருக்க, இருபது தோட்டாக்கள் மட்டும், அவற்றுள் இரண்டு போலி. இருபது முடிந்ததும் அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, மீதி நேரத்தைக் க்ளாக்கோடு கழிக்கிறேன். சி.இசட். என்னுடையது அல்ல, இரவல். திருப்பிக் கொடுக்கும்போது அதன் உரிமையாளர் பெட்டியைத் திறந்து சரிபார்த்தார், நான் அதன்மேல் வைத்த கண் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.