பிடியரிசி: ஒரு யாழ்ப்பாணச் சபையின் நாட்குறிப்பு, 2022

2022 மார்ச் 20, ஞாயிறு

லெந்து எனும் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறான இன்று, ஆராதனை முடிந்ததும் மாதர் சங்கத்தினர் ஆலயத்து விறாந்தையில் கூடினோம். இம்மாதம் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைத் தளரவிட்டதிலிருந்து, 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் 260ஐத் தாண்டிவிட்டது. 400 கிராம் பால்மாப் பொதி 790 ரூபாயாகியிருக்கிறது. அதுவும் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கூட்டத்திற்கு வந்திருந்த இளந்தாய் ஒருவர், பிள்ளைக்குத் தேயிலைச் சாயம் மட்டும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவதாகச் சொன்னபோது, நிகழ்ச்சிநிரலில் இருந்த மற்ற விடயங்களைப் பேச ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பிடியரிசியை மறுபடியும் தொடங்கலாம் என்று நான் முன்மொழிந்தேன். என் தாயார் உலையில் அரிசி இடுவதற்கு முன், வீட்டாருக்கென்று அளந்ததிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார். ஞாயிறன்று அது ஆலயத்துக்குப் போகும். 1995ஆம் ஆண்டு போரினால் எங்கள் வலிகாமப் பகுதியைவிட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது அந்த வழக்கமும் எங்கள் சபையில் நின்றுபோயிற்று. திரும்பி வந்து வீடுகளைக் கட்டினோம், ஆலயக் கூரையையும் போட்டோம். பானையை மட்டும் திரும்ப எடுத்துவைக்கவில்லை.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, அது மிச்சத்தைக் கேட்பதில்லை என்பதே. சமைத்து உண்டபின் எஞ்சியதைக் கொடுப்பதற்கு விசுவாசம் வேண்டியதில்லை. உலை கொதிக்கும்போதே, இன்றைக்கு நமக்கு ஒரு பிடி குறையும் என்று அறிந்து எடுத்துவைப்பதற்கு அது வேண்டியிருக்கிறது. அடுத்த ஞாயிறு முதல் தொடங்குவதென முடிவாயிற்று.

2022 மார்ச் 31, வியாழன்

இன்று நாடு முழுவதும் 13 மணி நேர மின்வெட்டு. ஜாம் போத்தலில் திரி இட்டு விளக்கேற்றியபோது, 1990களில் போரின்போது வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைக் காலம் இந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய், சவர்க்காரம், மருந்து, மின்கலம் எல்லாம் எட்டாத பொருட்களாயிருந்த ஆண்டுகள் அவை. வானொலி கேட்பதற்குச் சைக்கிள் டைனமோவைச் சுற்றினோம்.

“நாங்கள் அன்றைக்குப் பட்டதைத் தெற்கில் உள்ளவர்கள் இன்றைக்கு அறியட்டும்” என்ற பேச்சு ஊரில் கேட்கிறது. சபைக்குள்ளும் கேட்டேன். அந்தப் பேச்சுக்குப் பின்னால் உள்ள காயம் உண்மையானது; அதை ஆற்ற வேண்டியவர்கள் இன்னும் ஆற்றவில்லை என்பதும் உண்மை. ஆயினும் கொழும்பில் எரிவாயுச் சிலிண்டருக்காக வெயிலில் நிற்கும் ஒரு சிங்களத் தாயின் களைப்பு எனக்கு ஆறுதலாக அமைய முடியாது. பசித்த சத்துருவுக்குப் போஜனம் கொடு என்று கட்டளை பெற்ற நாங்கள், எங்களுக்கு ஒரு தீங்கும் செய்யாத அந்தத் தாயின் பசியைக் கண்டு மகிழ்வோமாயின், பானையில் போடும் பிடியரிசியால் என்ன பயன்? இதை வரும் ஞாயிறு ஜெப வேளையில் வெளிப்படையாகச் சொல்ல எண்ணியிருக்கிறேன்.

2022 ஏப்ரல் 15, பெரிய வெள்ளி

வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு 12ஆம் திகதி அறிவித்தது. நேற்றுச் சித்திரைப் புத்தாண்டு. அயல்வீடுகளில் பலகாரம் சுடும் மணமே இல்லை.

மும்மணி ஆராதனையில் இருந்தபோது, எங்கள் சபைக்குள் இப்போது தோன்றியிருக்கும் ஒரு வேறுபாட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும் கனடாவிலோ லண்டனிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகள் உண்டு. அங்கிருந்து வரும் 100 அமெரிக்க டொலர் பெறுமதியான பணம் சென்ற ஆண்டு 20,000 ரூபாயாயிருந்தது. இன்றைக்கு 30,000ஐக் கடந்துவிட்டது. அதே வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வூதியக்காரருக்கும், தோட்டத்தில் கூலிக்குப் போகிறவருக்கும் அதே பழைய தொகைதான் வருகிறது. அது வாங்கும் பொருளோ பாதியாகிக்கொண்டிருக்கிறது. நாட்டையே வறியதாக்கிய வீழ்ச்சி, சில வீடுகளில் வருமானத்தைக் கூட்டியிருக்கிறது. அதற்காக அவர்கள் எதையும் செய்யவில்லை, குற்றமும் அவர்களுடையதல்ல.

ஆயினும் அந்த அதிகம் யாருடையது என்ற கேள்வி எழுகிறது. என் தங்கை ரொறன்ரோவில் இருக்கிறாள் என்பதால் இந்தக் கேள்வி எனக்கும் உரியது. உழைக்காமலும் கேட்காமலும் கூடிய அந்தப் பங்கு, கூடாமற்போனவர்களுக்கென்று என் கையில் தரப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆராதனைக்குப் பின் இதே நிலையிலுள்ள சில குடும்பங்களோடு பேசினேன். யாரிடமும் தொகை கேட்கவில்லை. இடது கை அறியாதிருக்க வேண்டும் என்ற கட்டளைப்படி, காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் பெயர் எழுதாத உறைகள் வைக்கப்படும். அந்தப் பணத்தில் பருப்பும் பிள்ளைகளுக்குப் பால்மாவும் வாங்குவதென்று பொருளாளர் ஏற்றுக்கொண்டார்.

2022 மே 25, புதன்

நேற்றிலிருந்து பெற்றோல் ஒரு லீற்றர் 420 ரூபாய், டீசல் 400. எரிவாயுச் சிலிண்டர் சென்ற மாதமே 4,860 ஆகிவிட்டதால் பெரும்பாலோர் விறகுக்குத் திரும்பிவிட்டோம். தமிழ்நாட்டிலிருந்து 9,000 தொன் அரிசியோடும் 200 தொன் பால்மாவோடும் முதற்கப்பல் ஞாயிறன்று கொழும்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மொத்தம் 40,000 தொன் அரிசி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடலுக்கு அப்பாலிருந்து வந்த இந்த அன்புக்காக மாலை ஜெபத்தில் நன்றி சொன்னோம்.

எங்களிடம் சேரும் அரிசி யாருக்குப் போகவேண்டும் என்பதுதான் இப்போது கடினமான கேள்வி. சபை அங்கத்தவருக்கு முதலிடம் என்றார் ஒருவர். அங்கத்தவரல்லாதோர் பட்டியலில் இருந்தால் ஆராதனைக்கு அழைக்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டாவது யோசனையை நான் உறுதியாக எதிர்த்தேன். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் வந்திறங்கிய நாளிலிருந்து, பள்ளிக்கூடத்துக்காகவும் உத்தியோகத்துக்காகவும் சோற்றுக்காகவும் மதம் மாறியவர்கள் என்ற சொல் இந்த மண்ணில் எங்களைத் தொடர்ந்து வந்திருக்கிறது. அந்தச் சொல்லில் அநீதி உண்டு. அதற்கு இடம் கொடுத்த செயல்களும் உண்டு. பசித்தவருடைய கையில் அரிசியோடு அழைப்பிதழையும் வைத்தால், அவர் மறுக்க முடியாத வேளை பார்த்து கேட்டவர்களாவோம். துண்டுப்பிரசுரம், ஆராதனை அழைப்பு, படம் பிடித்தல் மூன்றும் இல்லை என்று நீண்ட பேச்சுக்குப் பிறகு முடிவாயிற்று. கோவிலுக்குப் போகும் எங்கள் அயலவர் அடுத்த ஆண்டும் கோவிலுக்கே போவார். அவர் உண்டதும் வீணாகாது, நாம் கொடுத்ததும் வீணாகாது.

பட்டியலைத் தயாரிப்பது யார் என்பதும் எழுந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை எல்லோரும் அறிவோம்: அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாமற்போனதால் முறுமுறுப்பு உண்டாகி, ஏழு பேர் தெரிந்துகொள்ளப்பட்டார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களையும் போதகர் ஒவ்வொன்றாக வாசித்தார். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாமே கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கம் குறைவு நேர்ந்ததோ, அந்தப் பக்கத்தாரிடமே பங்கிடும் பொறுப்பை எருசலேம் சபை கொடுத்ததாகவே நான் இதை விளங்கிக்கொள்கிறேன். எனவே நாட்கூலிக்குப் போகும் இரண்டு பெண்களை, அவர்களில் ஒருவர் சைவர், பட்டியல் தயாரிக்கும் குழுவில் சேர்க்கும்படி கேட்டேன். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது உத்தியோகம் பார்த்த எங்களைவிட அவர்களுக்கே தெரியும். முதற்பட்டியலில் எங்கள் ஒருவருக்கும் தெரிந்திராத மூன்று வீடுகள் இருந்தன.

2022 ஜூன் 28, செவ்வாய்

ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்துவிட்டார்கள். நகர்ப்புறப் பாடசாலைகள் மூடப்பட்டுவிட்டன. போதகர் வீடு சந்திப்புகளுக்குச் சைக்கிளில் போகிறார். அரிசிப் பைகளும் சைக்கிளிலேயே போகின்றன.

வீட்டுத்தோட்டத்துக்காக அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்திருப்பதால், வாலிபர் சிலர் ஆலயக் காணியில் மரவள்ளியும் கீரையும் பயிரிடத் தொடங்கியிருக்கிறார்கள். வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்ற லேவியராகமச் சட்டத்தை நினைத்து, வேலியோரத்துப் பாத்திகளை வழிப்போக்கருக்கென்று விட்டிருக்கிறோம். யார் பறித்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

2022 ஜூலை 10, ஞாயிறு

நேற்றுக் கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13ஆம் திகதி ஜனாதிபதி பதவி விலகுவார் என்று சபாநாயகர் அறிவித்திருக்கிறார். ஆலயத்தில் இன்று அதைப் பற்றியே பேச்சு. போதகரோ தம் பிரசங்கத்துக்கு 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொண்டார்.

மக்கெதோனியாவின் சபைகள் தாங்களே கொடிய தரித்திரத்தில் இருந்தும், எருசலேமின் எளியவர்களுக்குக் கொடுப்பதில் தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி பவுலை வருந்திக் கேட்டார்கள் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. கொடுக்கும்படி பவுல் அவர்களை வேண்டவில்லை. கொடுக்க இடம் தரும்படி அவர்கள் பவுலை வேண்டினார்கள். இதை இந்த ஆண்டுவரை நான் நிதானித்து வாசித்ததில்லை.

மலையகத்தில் ஊழியம் செய்யும் ஒரு நண்பர் சென்ற வாரம் எழுதியிருந்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு 2021இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,000 ரூபாய். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அதுவும் முழுதாகக் கிடைக்காது. அவர்களுடைய அன்றாட உணவு கோதுமை மா ரொட்டி, அந்த மாவின் விலையோ நிற்குமிடம் தெரியாமல் ஏறுகிறது. எங்களுக்குப் பனங்காணி இருக்கிறது, முருங்கை இருக்கிறது, பனங்கிழங்கில் செய்த ஒடியல் மா இருக்கிறது, கிணற்றடியில் ஒரு பாத்தியாவது இருக்கிறது. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்து அறையில் வாழ்கிறவருக்கு நிலமென்று சொல்ல ஒன்றுமில்லை. இக்கடிதம் வாசிக்கப்பட்டபோது, உறைப் பணத்தில் ஒரு பங்கை மலையகத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டவர்கள் வசதியுள்ளவர்களல்லர். எங்கள் பட்டியலிலிருந்து அரிசி வாங்கும் விதவைத் தாய் ஒருவரே முதலில் எழுந்து கேட்டார். அவருடைய கேள்விக்குப் பிறகு எதிர்த்துப் பேச யாராலும் இயலவில்லை. பணத்தில் மூன்றிலொரு பங்கை ஒவ்வொரு மாதமும் அனுப்பத் தீர்மானித்தோம்.

2022 ஆகஸ்ட் 28, ஞாயிறு

ஒரு வாரத்துக்கு முன் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆக்கப்பட்டது. பல மாதங்களாகத் தட்டுப்பாட்டால் கடலுக்குப் போகமுடியாதிருந்த படகுகள், இப்போது எண்ணெய் இருந்தும் போகமுடியாமல் கரையில் கிடக்கின்றன. பிடிக்கும் மீன் எண்ணெய்ச் செலவையே ஈடுசெய்யாது என்கிறார்கள்.

கரையோரத்தில் வாழும் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தை அறிவேன். ஏப்ரல் மாதத்தில் அந்த வீட்டுக்காரர் பசித்திருந்த வீடுகளுக்கென்று ஒரு கூடை மீனைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். நேற்று நானும் பட்டியல் குழுவின் ஒரு பெண்ணும் அவர் வீட்டுக்கு அரிசியோடு போனோம். வாசலில் நின்றவர் பையை வாங்கவில்லை.

“ரீச்சர், சித்திரையில குடுத்தவன் நான். இப்ப எந்த முகத்தோட கையை நீட்டுறது?” என்றார்.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன். “தம்பி, ஆண்டவரும் வாங்கினவர்தான். சமாரியப் பெண்ணிட்டத் தண்ணி கேட்டார். பெண்கள் தங்கட ஆஸ்தியால அவருக்கும் சீஷருக்கும் செலவு செய்தவை எண்டு லூக்காவில இருக்கு.” அவர் சிறிது நேரம் நின்று, பிறகு உள்ளே போய் மனைவியை அழைத்துவந்தார், பையை இருவருமாக வாங்கினார்கள்.

கொடுப்பதைப் பற்றி ஆலயங்களில் எவ்வளவோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். வாங்குவதைப் பற்றி ஒரு பிரசங்கமாவது கேட்டதாக நினைவில்லை. கொடுப்பவர் ஒரு வகுப்பாகவும் வாங்குபவர் இன்னொரு வகுப்பாகவும் நிலைத்துவிட்டால், அங்கே ஐக்கியம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இந்த ஆண்டின் கஷ்டம் அந்த வரிசைகளைக் கலைத்துப்போட்டிருக்கிறது. மே மாதம் பிடியரிசி கொடுத்த ஒருவர் இம்மாதம் மருந்துச் செலவுக்கு உதவி கேட்டு வந்தார். ஜூன் வரை அரிசி வாங்கிய ஒரு குடும்பம், மகனுக்கு வேலை கிடைத்ததும் பிடியரிசியோடு வந்து நின்றது. இரு சாராரின் பெயர்களும் ஒரே கொப்பியில் இருக்கட்டும் என்று பொருளாளரிடம் கேட்டுக்கொண்டேன்.

2022 அக்டோபர் 2, ஞாயிறு

செப்டெம்பர் மாதப் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம் என்று வெள்ளியன்று கணக்கு வெளியாயிற்று. சென்ற ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுக்கு இன்றைக்கு ஏறக்குறைய 195 ரூபாய் வேண்டும். எரிபொருள் வரிசைகள், அதைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபின் குறைந்திருப்பதால் கஷ்டம் தீர்ந்துவிட்டதென்று சிலர் நினைக்கிறார்கள். பட்டியல் இம்மாதமும் நீண்டிருக்கிறது. சிலருக்குப் பிடியரிசியில் சலிப்பு ஏற்பட்டிருப்பதும் தெரிகிறது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. களைப்பு எல்லோருக்கும் உண்டு. ஆனால் முதற்கிளர்ச்சி அடங்கிய பிறகு வரும் மாதங்களே பசித்தவருக்குக் கடினமானவை.

காலபோக நெல் விதைப்பு தொடங்கியிருக்கிறது. அறுவடைக்குப் பின் நடக்கும் அறுப்பின் பண்டிகையில் சபையார் கொண்டுவரும் நெல், பூசணி, வாழைக்குலை, கோழி எல்லாவற்றையும் ஏலம் விடுவது எங்கள் வழக்கம். ஒரு வாழைக்குலையைப் போட்டிபோட்டுப் பல ஆயிரத்துக்கு எடுப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும். கொண்டுவந்தவர் பின்வரிசையில் இருப்பார். வரும் பண்டிகையில் ஏலம் வேண்டாம், உணவுப்பொருள் உணவாகவே போகட்டும் என்று இன்று மாதர் சங்கம் கேட்டிருக்கிறது. ஏலத்தில் வரும் பணத்தால்தான் ஆலயப் பராமரிப்பு நடக்கிறது என்று செயலாளர் சொன்னது நியாயமான கவலை. அத்தொகையை விருப்பமுள்ளோர் வேறு காணிக்கையாகத் தரும்படி கேட்கலாம் என்று பதில் சொன்னோம். கூரையில் ஓரிடம் ஒழுகுகிறது. அடுத்த மழைக்குள் அதைத் திருத்த முடியாமற்போனாலும், அந்த இடத்திலுள்ள வாங்கு இருக்கையை நகர்த்திவைக்கலாம்.

போதகர் இதை அடுத்த ஞாயிறு சபையார் முன் வைப்பார். நெல்லைச் சேர்த்துவைக்க எலியும் வண்டும் புகாத இரும்புப் பீப்பாய்கள் இரண்டு தேவை. வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைக்கு முன் எனக்கு அறிவித்தால், வாலிபர் வந்து எடுத்துச்செல்வார்கள்.