30 நொடிக் கெடு

ஜூன் 3

மறுபடியும் அதே பேனிக்: லினக்ஸின் மையமான கர்னல் அப்படியே நின்றுவிட்டது. டைம்அவுட் ஆனதாக, அதாவது கெடு தாண்டிவிட்டதாக லாக் சொல்லும் ரிக்வெஸ்ட் (படி, எழுது என்று டிஸ்க்குக்குத் தரும் வேலை), டிஸ்க்குக்குப் போய் ஒரு மில்லிநொடிகூட ஆகவில்லை. கெடு 30 நொடி. எப்படி?

ஜூன் 4

நடப்பதை லாக்கில் எழுத பிரின்ட்கே வரி போட்டால் பேனிக் வருவதில்லை. எடுத்தால் வருகிறது.

ஜூன் 6

இன்று முழுக்க 4.14 கர்னலின் பிஎல்கே-எம்க்யூ, அதாவது டிஸ்க் ரிக்வெஸ்ட்டுகளை வரிசைப்படுத்தும் பகுதி மட்டும்தான். முடிந்த ரிக்வெஸ்ட்டின் நினைவிடத்தை யாரும் கலைப்பதில்லை. அதே டேக் (ரிக்வெஸ்ட்டின் அடையாள எண்), அதே இடம் அடுத்த ரிக்வெஸ்ட்டுக்குப் போகிறது. டைம்அவுட் சோதனையோ பூட்டு எதுவும் போடாமல் டேக்குகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருகிறது. தொடங்கியதா என்று சொல்லும் 0/1 குறியான பிட்டைப் படிக்கிறது, கெடுவைப் படிக்கிறது, பிறகு ‘முடிந்தது’ பிட்டைத் தானே போட்டு ரிக்வெஸ்ட்டை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு படிக்கும் நடுவே அங்கே ஆள் மாறிவிடலாம். பிட் முந்தைய குடித்தனக்காரருடையது, வாடகை பாக்கி அவருக்கு அடுத்தவருடையது, வெளியே தள்ளப்படுவது இப்போதுதான் பெட்டியோடு வந்தவர்.

கெடு முடியும் தறுவாயில் ஒரே ஒரு ரிக்வெஸ்ட் பதில் பெற்றால் போதும். பிட்டுகள் தனித்தனியாக அணுநிலையில், அதாவது நடுவே யாரும் புக முடியாதபடி மாறுகின்றன, அதில் குறையில்லை. ஆனால் மூன்றும் ஒரே ரிக்வெஸ்ட்டைப் பற்றியவைதானா என்று யாருமே கேட்பதில்லை.

ஜூன் 7

தூக்கம் வரவில்லை. டேக், டேக், டேக்.

ஜூன் 9

கெடுவை 1 நொடியாகக் குறைத்து, பதில் சரியாக அந்த விளிம்பில் வருமாறு ஒரு போலி டிஸ்க் எழுதினேன். கர்னல் டைமரை முழு நொடிக்குத் தள்ளிவிடுவதால் மோதல்கள் அங்கேயே குவிகின்றன. வந்தது! பிரின்ட்கே இருந்தும் வந்தது.

ஜூன் 11

கர்னல் 4.16-இல் டெவலப்பர் டெஜுன் ஹியோ இந்த ஓட்டைக்காகவே, அந்த இடம் மறுபடி பயன்படும் ஒவ்வொரு சுற்றுக்கும் தலைமுறை எண் கொண்டுவந்தார். 4.18-இல் இன்னொரு டெவலப்பர் கீத் புஷ் அதை எடுத்துவிட்டு ரெஃபரன்ஸ் எண்ணிக்கைக்கு (ரிக்வெஸ்ட்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு) மாற்றினார். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டும் ஒன்று கூட்டு. பிடித்த பிறகு கெடுவை இன்னொரு முறை பார். பிடியை விடும்வரை அந்த டேக் வேறு யாருக்கும் போகாது. ஒரு வாரமாக நான் தேடியது இந்த உறுதியைத்தான். பழைய கர்னலுக்கு இதைக் கொண்டுவர முடியுமா என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 12

முடியும். கை வலிக்கிறது.

ஜூன் 14

போலி டிஸ்க்கில் பேனிக் இல்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. கர்னல் கைவிட்ட ரிக்வெஸ்ட்டை டிஸ்க்கும் கைவிட்டதா? படிக்கச் சொன்ன தரவை அது தாமதமாக அனுப்பினால், டிஎம்ஏ வழியாக, சிபியூவைக் கேட்காமலே நேராக நினைவகத்தில், தரவுக்கென்று ஒதுக்கிய பஃபரில் எழுதும். அதற்குள் அந்தப் பஃபர் வேறொருவர் கையில் இருக்கும். பேனிக்கே பரவாயில்லை, நின்றுவிட்டதென்று தெரியும். இது சத்தமில்லாமல் ஒருவருடைய கோப்பைக் கெடுத்துவிடும். டிஸ்க்கை இயக்கும் டிரைவர் நிரல் முதலில் கட்டளையை ரத்து செய்ய வேண்டும். அது நடக்கவில்லையென்றால் கன்ட்ரோலரையே ரீசெட் செய்ய வேண்டும். பஃபரைத் திருப்பித் தருவது அதற்குப் பிறகுதான். எங்கள் டிரைவர் இந்த வரிசையில் போகிறதா?

ஜூன் 15

ரத்து செய்யும் கட்டளையே டைம்அவுட் ஆகும் பாதையில், ரீசெட் முடியுமுன்பே பஃபர் போய்விடுகிறது. பேட்ச் எழுதிவிட்டேன். இது சின்னதுதான், ஆனால் இதுதான் முக்கியம்.

ஜூன் 18

ஆர்ம் சிப் உள்ள ஒரு கணினி கிடைத்தது. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) சிப்பில் ஒரு கோர் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்கும் தெரியும். ஆர்மில் அந்த உத்தரவாதம் இல்லை. புதுக் கெடு தெரியும் முன்பே ‘தொடங்கியது’ என்ற நிலை தெரிந்துவிட்டால்? பிடித்த பிறகும் பழைய கெடுவைத்தான் படிப்போமா? இந்த வரிசையைக் கட்டாயப்படுத்தும் பேரியர் கட்டளை எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டிருக்கிறேன். சோதனை பக்கத்தில் ஓடுகிறது.